ஆறடிப் படம்

...வீட்டுக்கு ஒரு கேமரா வாங்கலாம்மா, நீயும் வா என்று காலையில் கோகுல் கூப்பிட்டபோதே இதில் ஏதோ இருக்கிறது என்று சுலோசனாவுக்குத் தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை, தட்டாததோடு போயிற்றா, சின்னப் பெண் மாதிரி தலைகால் புரியாமல் கிளம்பினாள், புருஷன் எத்திராஜ் போய்ப் பதினோரு மாதம், இந்தப் பதினோரு மாதத்தில் பெற்ற பிள்ளை அவளை எங்கேயாவது கூட்டிப்போனானா, சென்னீர்குப்பம் ஃப்ளாட்டின் பால்கனியில் நின்று ஹைவேயில் போகிற லாரிகளைப் பார்ப்பதோடு சரி... மகள் கார்த்திகா வேறு, வேலைக்கு ஓடுகிற அவசரத்திலும் பீரோவைத் திறந்து, அந்த மாம்பழக் கலர் கட்டிக்கோம்மா, முகம் எடுப்பா இருக்கும் என்று புடவையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள், பெண்ணுக்குத்தான் என்ன கரிசனம் என்று அப்போது கண் கலங்கியது, இப்போது வயிறு எரிகிறது.

கரையான்சாவடி மெயின் ரோட்டில் கடை, உள்ளே நுழைந்ததும் ஏசி முகத்தில் அடித்தது, ஜேம்ஸ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் மூன்று கேமராவை வைத்தார், பிலிமெல்லாம் வேண்டாமாம், எடுத்தவுடனே பின்பக்கம் படம் தெரியுமாம், கோகுல் மூன்றையும் அவளை வைத்தே சோதித்துப் பார்த்தான், ஸ்டூலில் உட்காரும்மா, தாடையைக் கொஞ்சம் தூக்கு, வெளிச்சத்துப் பக்கம் பாரு... கடைக்குள் எத்தனையோ சாமான் இருக்கிறது, வாசலில் பஸ்ஸாகப் போகிறது, எதையும் எடுக்கவில்லை, அம்மா முகம் மட்டும்தான், அதுவும் தோளுக்கு மேலே, அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, கார்த்திகா கல்யாணத்தை இதிலேயே எடுக்கலாம், மூன்று பேருமாகக் கடற்கரைக்குப் போய் எடுக்கலாம் என்று மனசு அதுபாட்டுக்குக் கோட்டை கட்டிக்கொண்டிருந்தது, அப்போதுதான் கோகுல் குரலைத் தணித்துக் கேட்டான், இதுல எடுத்ததை ஆறடிக்குப் பெருசு பண்ணா உடையாதில்ல? ஜேம்ஸ் சிரித்துவிட்டார். “ஆறடியா? ஊட்ல அம்மாம் பெரிய செவுரு எங்க சார் கீது?” கோகுல் குனிந்து ஏதோ பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தான். சுலோசனாவுக்குத் தெரியாதா, ஆறடிப் படத்தை யாரும் வீட்டில் மாட்டுவதில்லை.

எத்திராஜ் போனபோது தெருமுனையில் வைக்க அடித்த பேனரும் ஆறடிதான். முப்பத்தோரு வருஷம் ஆவடி ஃபேக்டரி, உள்ளே கேமரா கொண்டுபோகக் கூடாது, அந்தப் பயத்தை மனுஷன் அப்போது குடியிருந்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், நமக்கெதுக்கு கேமரா, எடுத்து வைக்கிற மாதிரி நம்மகிட்ட என்ன இருக்கு என்பார், எதிரே நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டே சொல்வார்... கல்யாண ஆல்பம் ஒரு மழையில் நனைந்து பக்கத்தோடு பக்கம் ஒட்டிப்போனது, கடைசியில் மிஞ்சியது ஃபேக்டரி பாஸில் இருந்த ஸ்டாம்பு அளவுப் படம், கன்னத்துக்குக் குறுக்கே ஊதா சீல், அந்த சீலை அழிக்கிறேன் என்று ஃப்ளெக்ஸ் கடைக்காரன் கம்ப்யூட்டரில் அழித்ததில் இடது காதும் சேர்ந்து போய்விட்டது, முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோய், கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்துக்கு மேலே, சேக்காட்டு முனையில் மூன்று நாள் ஒற்றைக் காதோடு நின்றார், யாருப்பா இது என்று கேட்டான் பாண்டியன், பதினெட்டு வருஷம் பக்கத்து மெஷினில் வேலை பார்த்தவன், துக்கம் கேட்க வந்த கோகுலின் ஆபீஸ் பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள், அன்றைக்கு மகன் முகம் செத்துப்போனதை அவளும் பார்த்தாள்தான்... ஓகோ, அதற்குத்தானா இது? குடும்பத்துக்குக் கேமராவாம், குடும்பத்துக்கு! ஐம்பத்தெட்டு வயசு, சர்க்கரைகூடக் கிடையாது, நாலு மாடியும் படியேறித்தான் போகிறாள், அதற்குள் என்ன அவசரம் இவர்களுக்கு, அண்ணனும் தங்கையும் எந்த ராத்திரி கூடிப் பேசி முடிவு பண்ணினார்கள், அந்த மாம்பழக் கலரும் அதில் சேர்த்தியா?

“சிரிம்மா, சிரிச்சா நல்லாகீது” என்றார் ஜேம்ஸ். “சிரிக்க வேணாம்மா, சும்மா சாதாரணமா இரு” என்றான் கோகுல். சிரிக்க வேண்டாமாம். எழுந்து நின்று, கடைக்காரன் எதிரிலேயே, எனக்கு என்னைக்குடா தேதி குறிச்சிருக்கீங்க என்று கேட்டுவிடலாம், நாக்கு நுனிவரை வந்துவிட்டது, வந்த இடத்திலேயே நின்றும் விட்டது, ஏனென்றால் அந்த ஆஸ்பத்திரி வராந்தா... எத்திராஜைச் சேர்த்த மூன்றாம் நாள், டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனதும், கோகுலைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், அப்பா போட்டோ நல்லதா ஒண்ணு தேடி வைடா, அப்புறம் நேரம் இருக்காது என்று சொன்னது யார்? அவள்தானே? அவர் போனது ஒன்பதாம் நாள். நடுவில் நாலாம் நாள் காலையில் கண்ணைத் திறந்தார், காபி கேட்டார், கோகுல் எங்கே என்று கேட்டார், மாத்துத்துணி எடுக்கப் போயிருக்கான் என்றாள், தடுமாறாமல் சொன்னாள், அந்நேரம் பிள்ளை குவார்ட்டர்ஸில் பீரோவைக் கவிழ்த்துப்போட்டு அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தான், உயிரோடு காபி கேட்ட அப்பாவை. இதையெல்லாம் இவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று இனி எந்த வாயால் கேட்பது?

ஜேம்ஸ் கேமராவைத் திருப்பி, அதன் முதுகிலிருந்த சின்னத் திரையை அவளிடம் காட்டினார், மாம்பழக் கலர், அகன்ற நெற்றி, மூடிய வாய், நன்றாகத்தான் இருந்தது, அதுதான் பொறுக்கவில்லை. ஓகேவாம்மா என்று கேட்டார்.

“காது ரெண்டும் தெரியுதான்னு பாத்துக்கோடா” என்றாள் மகனிடம்.

கோகுல் நிமிர்ந்தான். ம்மா என்றான். அவனைக் குத்துவதற்குத்தான் சொன்னாளா, இல்லை நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாளா... அவளுக்கே புரியவில்லை, கை மட்டும் மேலே போய் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.