தண்ணீர்ப் பக்கத்து வாசல்

தோழியிடம் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்காகவே இரண்டு பஸ் மாறிப் போவது சங்கடமான காரியம். விஜிலா அந்தச் சங்கடத்தோடும் சுருட்டிய வரைபடத்தோடும் சங்குத்துறையில் இறங்கினாள்.

கழிமுகத்தின் தென்கரையில் இருக்கும் சின்ன மீனவர் ஊர் அது. அங்கே மருந்துக்கடை வைக்க வேண்டும் என்று ருமைஸா ஆசைப்பட்டாள். ருமைஸா காயல்பட்டினத்துக்காரி; மருந்தாளுநர் படிப்பு முடித்தவள்; கணவன் துபாயில். காயல்பட்டினத்தில் கடைகளுக்குக் குறைவில்லை, சங்குத்துறையிலோ காய்ச்சல் மாத்திரைக்கும் பஸ் ஏற வேண்டியிருக்கிறது என்பது அவள் நியாயம். தூத்துக்குடியில் புவியியல் ஆராய்ச்சி செய்யும் விஜிலா, நாசரேத்துப் பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் இருந்தவள்.

“ஊருகளப் பத்தித்தானளா படிக்கே? இந்த ஊர்ல என் கடை நிக்குமான்னு பார்த்துச் சொல்லு” என்று ருமைஸா கேட்டிருந்தாள். கடைக்கென்று பார்த்துவைத்திருந்த அறையின் சொந்தக்காரி எமில்டாவுக்கு அன்று சாயங்காலம் பதில் சொல்லியாக வேண்டும்.

ருமைஸா அங்கே காத்திருந்தாள். அறை நல்ல அறைதான். முன்வாசல் சாலையைப் பார்த்தது, பின்வாசல் தண்ணீரைப் பார்த்தது. பின்வாசலை அடைத்து அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிடலாம் என்று ருமைஸா திட்டம் போட்டு வைத்திருந்தாள்.

விஜிலா தரையில் வரைபடத்தை விரித்தாள். மாவட்டம் முழுக்கத் தேன்கூடு போலக் கட்டங்கள்.

“ஒவ்வொரு கடையும் பிழைக்க இத்தனை குடும்பம் வேணும்னு ஒரு அளவு இருக்குளா. உப்பு புளிக்குக் கொஞ்ச வீடு போதும், அதான் எல்லா ஊர்லயும் பெட்டிக்கடை இருக்கு. நகைக்கடைக்குச் சாத்தான்குளம் மாதிரி ஊர் வேணும். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூத்துக்குடி. சின்ன ஊரைச் சுத்திச் சின்னக் கட்டம், பெரிய ஊரைச் சுத்திப் பெரிய கட்டம்.”

“என் கட்டம் எங்கனளா இருக்கு?”

விஜிலா விரல் வைத்தாள். விரலே அதை மறைத்துவிட்டது.

“நல்லா இருக்கு. பல்லி முட்டைக்குக்கூட இதைவிடப் பெரிய கட்டம் போடுவாவ.”

“கோவப்படாத. உனக்கு வேண்டிய குடும்பத்துல பாதிகூட இங்கன இல்ல. வடகரையில உப்பளத்து ஊரு நாலு இருக்கு. அவுக வரணும்னா பாலம் சுத்தி வரணும். எந்த பஸ்ல எந்த ஊருக்குப் போறீயன்னு ஒவ்வொரு வீட்டுலயும் கேட்டேன். நாலு ஊரும் தூத்துக்குடி பஸ்ஸத்தான் சொன்னாவ.”

அலமாரிக்கு அளவெடுக்கக் கொண்டுவந்திருந்த டேப்பை ருமைஸா மெல்லச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். அதைப் பார்க்க விஜிலாவுக்கு மனசு தாங்கவில்லை.

எமில்டா டீயோடு வந்தாள். “என்ன, ரெண்டு பேரும் எழவு வீட்டுக்குத் துட்டி கேக்க வந்த மாதிரி இருக்கீய?”

“அஸர் தொழுதுட்டு வந்து பதில் சொல்லுதேன் அக்கா” என்றாள் ருமைஸா.

விஜிலா கடிகாரத்தைப் பார்த்துப் பதறினாள். “பஸ் போயிருக்குமே.”

“அது அப்பமே போயிட்டு” என்றாள் எமில்டா. “துறையில போய் நில்லு. யாராச்சும் வடகரையில எறக்கி விட்டுருவாவ. அங்கன இருந்து தூத்துக்குடிக்கு நேர் பஸ்.”

அந்தக் கழிமுகத்தில் யாரும் எழுதிவைக்காத ஒரு சட்டம் உண்டு. துறையில் ஆள் நின்றால் எந்த வள்ளமும் விட்டுப் போகாது, கூலியும் கேட்காது. குடையை விரித்துப் பிடித்தால் போதும். விஜிலா பிடித்தாள். வலை பார்க்கப் போய்க்கொண்டிருந்த இஞ்ஞாசி வள்ளத்தைத் திருப்பினார்.

“யார் வீட்டுப் பிள்ளளா நீ?”

“திரேஸ்புரம் ஆன்டனி மக, மாமா.”

“ஏறு. இஞ்சின் பக்கம் உக்காராத, துணியில எண்ணெய் பட்டிரும்.”

உட்கார்ந்த பலகைக்கடியில் ஏதோ உருண்டது. குழந்தைக்குப் பால் கொடுக்கும் புட்டி.

“இது யாருக்குள்ளது மாமா?”

“வடகரைக்காரி எவளாச்சும் விட்டுட்டுப் போயிருப்பா. செவ்வாய்க்கிழமை நம்ம ஊரு அந்தோனியார் கோயிலுக்கு வருவாளுவ. மத்த நாள் மீனுக்கு வருவாளுவ.”

“எல்லாரும் வள்ளத்துலயா வாராவ?”

“பெறவு, நீந்தியா வருவாவ?”

விஜிலா புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழும் முன்பே அப்பாவின் வள்ளத்தில் ஏறியவள் அவள். அவள்தான் வீடுவீடாகப் போய் எந்த பஸ், எந்த பஸ் என்று கேட்டிருக்கிறாள். கேட்டதற்கு அவர்களும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். வள்ளத்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. வரைபடத்தில் தண்ணீருக்கு நீல வண்ணம் பூசி, அதோடு ஊர் முடிந்தது என்று நினைத்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இஞ்ஞாசி திரும்பிப் பார்த்துவிட்டு, படித்த பிள்ளைகள் இப்படித்தான் என்று இஞ்சினைக் கவனித்தார்.

வடகரையில் ஜெயபாய் என்ற உப்பளத் தொழிலாளி கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். புட்டியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “காலையில இருந்து இதத்தான் தேடுதேன்.”

“அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல்னா மருந்துக்கு எங்க போவீய?”

“தூத்துக்குடிக்கு. அன்னைக்கு வேலை போச்சு.”

“சங்குத்துறையில மருந்துக்கடை வந்தா?”

“மீனுக்கே போறோம், மருந்துக்குப் போவமாட்டமா? நாலு ஊர்ப் பொம்பளைகளும் வருவோம்.”

விஜிலா மறுபடி வள்ளத்தில் ஏறினாள். “மாமா, என்னத் திரும்ப அங்கன விட்டுருங்க.”

“இப்பத்தானளா எறக்குனேன்?”

“நாலு ஊரைக் கணக்குல சேக்காம விட்டுட்டேன். கொண்டுபோய்ச் சேக்கணும்.”

“நாலு ஊரையும் ஏத்துனா வள்ளம் தாங்குமா?” என்று கேட்டுக்கொண்டே, வலையை மறந்து திருப்பினார் இஞ்ஞாசி.

ருமைஸா தொழுகை முடித்து எமில்டா வீட்டு வாசலில் நின்றாள். “மன்னிச்சுக்கிடுங்கக்கா, அறை வேண்…” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கணுக்கால்வரை நனைந்த விஜிலா ஓடிவந்து வரைபடத்தைச் சுவரில் வைத்து, நீல வண்ணத்துக்குக் குறுக்கே பேனாவால் ஒரு கோடு இழுத்தாள். கோடு வடகரையின் நாலு ஊர்களையும் தொட்டது.

“உன் கட்டம் இம்புட்டு இருக்குளா. கடை நிக்கும்.”

எமில்டா கோட்டைப் பார்த்தாள், விஜிலாவைப் பார்த்தாள். “அவுகளச் சேக்காமலா இம்புட்டு நேரம் கணக்குப் போட்ட?”

ருமைஸா பையிலிருந்து டேப்பை எடுத்தாள். “அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பின்வாசல் எத்தனை அகலம்னு பாப்போம், பிடிளா இந்த முனையை.”

சாலையும் பாலமும் ஊர்களைச் சேர்க்கும் என்று விஜிலா படித்திருந்தாள், அது மெய்தான். தெரியாத ஒருத்தியின் குடையைப் பார்த்து வள்ளத்தைத் திருப்புகிற மனசும் சேர்க்கிறது. ஆண்டவர் தம் வேலையை அநேகமாக அப்படிப்பட்ட கைகளைக் கொண்டுதான் செய்கிறார்.

கடை திறந்த அன்று பெயர்ப்பலகை தண்ணீரைப் பார்த்து நின்றது. ஜெயபாயும் மற்றப் பெண்களும் நேராகத் துறையிலிருந்து படியேறி வந்தார்கள். அட்டைப்பெட்டிகளை முன்வாசலில் அடுக்கியிருந்தார்கள்.