மழைநீர்க் கால்வாயில் நுரை

மழைநீர்க் கால்வாயில் சோப்பு நுரை மிதந்தால் தெருவின் கண் யார் மேல் போகும்? லாண்ட்ரிக்காரம்மா மேல்தான். ஊர்ச் சட்டம் தெளிவானது. சோப்புத் தண்ணீரைச் சாக்கடையில் விடலாம். நேரே ஏரிக்குப் போகும் மழைநீர்க் கால்வாயில் விடக் கூடாது. மீறியது வீடென்றால் பத்து நாளில் குழாயை மாற்ற வேண்டும். கடையென்றால் அன்றைக்கே சீல்.

நகராட்சி ஆய்வாளர் அரக்கும் நூலுமாகத்தான் வந்திருந்தார். அவள் அசரவில்லை.

"சாயம் ஊத்திப் பாருங்க சார். மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்?"

கடையின் ஆறு மெஷின்களிலும் பச்சைச் சாயம் ஊற்றி ஓடவிட்டார்கள். கடைக்குக் குழாய் பதித்தவன் அவள் கொழுந்தன். சாக்கடை மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்தவன் கத்தினான்: "கிளிப்பச்சை, அண்ணி!"

கால்வாயில் பச்சை ஒரு பொட்டுக்கூட இல்லை. ஆய்வாளர் அரக்கைப் பைக்குள் போட்டார். அப்போது பார்த்துக் கால்வாயில் குபுகுபுவென்று நுரை வந்தது, வெள்ளை வெளேரென்று.

ஆய்வாளர் அடுத்த கடைப் பக்கம் திரும்பினார். "சலூன்ல ஷாம்பு போடுறீங்கல்ல?"

"காலையிலேருந்து ரெண்டே ரெண்டு ஷேவிங் சார்! அதுல ஒருத்தருக்கு மீசை மட்டும்தான்!" சலூன்காரர் கத்தரியும் கையுமாக வாசலுக்கு ஓடி வந்தார்.

லாண்ட்ரிக்காரம்மா குனிந்து நுரையை மோந்தாள். எலுமிச்சை. கடைக்கு வருவது ஆஸ்பத்திரி விரிப்புகள்; அவற்றுக்கு வாசனைப் பொடியே ஆகாது. எலுமிச்சைப் பொடி அவள் வாங்குவது ஒரே ஒருவருக்கு. நிமிர்ந்தாள். கடைக்கு மேலே, அவள் வீட்டு பால்கனியில் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. ஊரார் துணி சுற்றும் மெஷினில் வீட்டுத் துணி விழக் கூடாது என்பது மாமியார் போட்ட சட்டம். போன மாதம் அந்த மெஷினை பால்கனிக்கு நகர்த்தியது இதே கொழுந்தன்.

அவள் வாயை மூடிக்கொண்டால் சலூன்காரர் இன்றைக்குக் கடை நடத்தினாற்போலத்தான்.

"அவரை விடுங்க சார். இது என் வீட்டுத் தண்ணி."

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "மழைக்குழாய் கைக்கெட்டுற தூரத்துல இருந்துச்சு அண்ணி…"

"கைக்கெட்டுனதுல எல்லாம் சொருகிடுவியா?"

"என்னடி அங்க கூட்டம்?" என்று மேலேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

"உங்க புடவை அலசுன தண்ணியத்தான் அத்தை, ஆபீசருங்க வந்து பாக்குறாங்க! மெஷினை நிறுத்துங்க."

ஆய்வாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தார். "வீட்டுக்குப் பத்து நாள் டைம் இருக்கும்மா."

"பத்து நாள் எதுக்கு? நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள மாத்திடுவான்."

கொழுந்தன் ரம்பத்தோடு மாடியேறினான். பாதி அலசிய துணிகளை வாளியில் சுமந்துகொண்டு மாமியார் இறங்கினார். மூன்றாவது மெஷின் முன்னால் நின்று மருமகளை முறைத்தார்.

"சாயம் ஊத்துனீங்களாமே, உள்ள பச்சை ஒட்டியிருக்காது?"

"மூணு தடவை அலசியாச்சு அத்தை. போடுங்க," என்று மூடியைத் திறந்தாள் அவள்.