வாளிக்குள் இறங்கிய சூடு

1957 டிசம்பர் மழையில் மண் சரிந்து, அப்புத்தளைக்கு மேலிருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வழி அடைபட்டது. அதே வாரம் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் வயிற்றோட்டம் பரவியது.

தோட்டத்து மருந்துசாலைக்குப் பொறுப்பானவர் யாழ்ப்பாணத்துப் பத்மநாதன். கையிருப்பிலிருந்த, நரம்பில் ஏற்றும் சேலைன் இரண்டே நாளில் தீர்ந்தது. கொழுந்து பறிக்கும் கருப்பம்மா கண் செருகிக் கிடந்தாள். வாயில் ஊற்றியது எதுவும் தங்கவில்லை. உப்பு இருந்தது, அதைக் கரைக்கக் காய்ச்சி வடித்த நீர் இல்லை.

பத்மநாதன் செப்புக் கொதிகலனை அடுப்பிலேற்றினார். அதன் வாயிலிருந்து வந்த சுருள்குழாயைக் குளிர்நீர் வாளிக்குள் இறக்கினார். மூன்று போத்தல் நீர் தெளிவாகச் சொட்டியது. பிறகு குழாய் முனையில் துளியைவிட ஆவியே அதிகம் சீறியது.

"ரெங்கம்மா, இன்னும் விறகு போடும்!"

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ரெங்கம்மா விறகை எடுக்கவில்லை. வாளி நீரில் விரலை வைத்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"நெருப்ப கூட்டாதீங்க ஐயா. வாளிதான் கொதிக்குது. இதுல எப்படி ஆவி தண்ணியாகும்?"

"அடுப்பு அங்கையெல்லோ இருக்கு! வாளி ஏன் கொதிக்குது?"

சந்தேகத்தோடு வெப்பமானியை எடுத்தார். கொதிகலன் வாயில் இருநூற்று மூன்று பாகை பாரன்ஹைட். அந்த மலையுயரத்தில் நீர் கொதிப்பது அந்தப் பாகையில்தான். ஆவியும் துளியும் கலந்து வந்த குழாய் முனையிலும் அதே இருநூற்று மூன்று. அவர் மலைத்துப் போனார். நீராக மாறும்போது ஆவி தன் பாகையில் ஒன்றைக்கூட இழக்கவில்லை. ஆனால் கொதிக்கையில் விழுங்கிய வெப்பம் முழுவதையும் வாளிக்குள் கொட்டியிருக்கிறது. மூன்று போத்தல் ஆவி ஒரு வாளித் தண்ணீரையே காய்ச்சிவிட்டது! பள்ளிக்கூடத்தில் 'மறைவெப்பம்' என்று மனனம் செய்தது இதைத்தானா?

அதற்குள் ரெங்கம்மா வெளியே போயிருந்தாள். கணு துளைத்த மூங்கில்களைப் பின்புறத்தில் மலைநீர் கொட்டும் பீலியிலிருந்து ஒன்றோடொன்று செருகிக்கொண்டு வந்தாள். கடைசி மூங்கிலை வாளியின் அடிவரை இறக்கினாள்.

"பச்சத்தண்ணி அடியில எறங்கட்டுங்க. சுடுதண்ணி மேலால வழிஞ்சு போயிரும்."

அப்படியே நடந்தது. சீறல் அடங்கி, சொட்டு மீண்டும் விழுந்தது. வழிந்த வெந்நீரை ஏந்தி நோயாளிகளின் துணிகளை அலசினாள். அன்று மாலை சேலைன் ஏறி இரண்டு மணி நேரம் கழித்து, கருப்பம்மா கண் திறந்து மகளைப் பெயர் சொல்லி அழைத்தாள்.

ஐந்தாம் நாள் வழி திறந்ததும் பதுளையிலிருந்து டாக்டர் வந்தார். சேலைன் ஏறிய பதினொரு பேர் பிழைத்திருந்தார்கள். டாக்டர் மூங்கிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்ல யோசனை, பத்மநாதன்."

"என்ரை இல்லை, சேர். நான் விறகைத்தான் கூட்டச் சொன்னனான்."

துணி பிழிந்துகொண்டிருந்த ரெங்கம்மாவைப் பத்மநாதனே போய் அழைத்து வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் விளக்கத் தொடங்கினாள். டாக்டர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.