மூன்று சக்கரத் தொட்டி என்ன குடித்தது?

பழைய இரும்புக் கடையில் கேஸ் வைத்து வெட்டுகிறவனுக்கு எல்லோரும் வைத்த பெயர் பொறி. வெட்டும்போதும் பறக்கும், பேசும்போதும் பறக்கும். அன்று காலை பல் தேய்க்கும்போதே அவனுக்கு நிலைகொள்ளவில்லை. வாசலுக்குப் போனான், உள்ளே வந்தான், திரும்பவும் வாசலுக்குப் போனான்.

"கால்ல சக்கரம் கட்டியிருக்கா?" என்றாள் மனைவி.

"எனக்கில்ல. இதுக்கு. அதுவும் மூணே மூணு," என்று செல்போனை நீட்டினான்.

விமான நிலையத்திலிருந்து ஏலத்தில் வந்த ஆதிகாலத்து வண்டி. முன்னால் ஒற்றைச் சக்கரம், செருப்பு மூக்குபோல் சப்பை முகப்பு, ஒரே ஒருவர் குந்தி ஓட்டும் இருக்கை. பின்னால் தொட்டி. அதன் தலையில் வெட்டுக்கிளிக் கால்போல மடித்து வைத்த இரண்டு குழாய்கள். முந்தின நாள் கடையில் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். விமானம் கழுவும் வண்டி என்றான் தராசுக்காரன். கக்கூஸ் வண்டி என்று மூக்கைப் பிடித்தான் லாரிக்காரன். முதலாளியோ, "பூச்செடிக்குத் தண்ணி ஊத்தின வண்டிடா. நாளைக்கு மதியத்துக்குள்ள துண்டு போட்டுரு, உருக்கு ஆலை லாரி வருது," என்று முடித்துவிட்டார்.

அந்த முடிவுதான் பொறிக்கு முள்ளாகக் குத்தியது. தண்ணீர் குடித்த தொட்டி என்றால் வெட்டலாம். எண்ணெய் குடித்தது என்றால், காலியானாலும் உள்ளே ஆவி உட்கார்ந்திருக்கும். தீயைக் காட்டினால் வெட்டியவனைக் கூட்டித்தான் அள்ள வேண்டும். மூடியைத் திறந்து மோந்து பார்த்திருந்தான், பாசி வாடைதான். இருந்தும் மனசு ஒப்பவில்லை.

"ஏர்போர்ட்ல என் தங்கச்சி புருஷன் இருக்காருல்ல. போட்டோவை அவருக்கு அனுப்புங்க," என்றாள் மனைவி.

"அந்தப் பெட்டிதூக்கிக்கா?"

"கல்யாணப் பந்தியில அப்படிச் சொன்னதுக்குத்தான் அவர் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கிறதில்ல. ரோஷத்தை அடுப்புல போடுங்க. எனக்குப் புருஷன் முழுசா வேணும்."

முதல் நாள் எடுத்த படங்களை எல்லாம் அனுப்பினான். கடைக்கு வந்தும் பதில் இல்லை. கையுறையை மாட்டினான், கழற்றினான். சிலிண்டரைத் திறந்தான், மூடினான். சிகரெட்டும் கையுமாக முதலாளி இவனையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவழியாகப் போன் அடித்தது.

"என்ன சகலை, பெட்டிதூக்கி ஞாபகம் வந்துச்சா?"

"வந்துச்சு சகலை. ஏதோ வாய்க்கொழுப்பு, மன்னிச்சுருங்க. இது என்ன வண்டி?"

"நானும் பாத்ததில்ல, இங்க இருக்கிற பழைய டிரைவருங்களும் பாத்ததில்ல. ஆனா முதல் போட்டோவுல பின் சக்கரத்துக்கு மேல ஒரு சின்ன உருளை, அதுல கம்பி சுத்தி நுனியில கவ்வி இருக்கே. அடுத்த போட்டோவுல காணோம். எங்க போச்சு?"

"அது செம்பு. வண்டி உள்ள வந்ததும் முதல்ல செம்பைத்தானே உருவுவோம்."

"அடக் கெட்ட நேரமே! வண்டியோட நாக்கை அறுத்துட்டு, நீ யாருன்னு கேக்குறீங்களே. விமானத்துக்கு எண்ணெய் ஊத்துறதுக்கு முன்னாடி அந்தக் கவ்வியைத்தான் அதுல மாட்டுவாங்க, தீப்பொறி வராம இருக்க. தண்ணி வண்டிக்கு அது எதுக்கு?"

"உள்ள பாசி வாடைதானே அடிச்சுது?"

"குழாய் ரெண்டு இருக்கு. மூடி எத்தனை?"

பொறி தொட்டிமேல் தொற்றி ஏறினான். பின்பக்கம் ஒரு மூடி. முன்பக்கம் பெயிண்டுக்கு மேல் பெயிண்டாக அப்பி ஒரு மேடு. துரு கட்டிய புடைப்பு என்றுதான் நினைத்திருந்தான். நகத்தால் சுரண்டினான். வட்டமான விளிம்பு தெரிந்தது.

"குரங்கு மாதிரி அங்க என்னடா பண்றே?" என்று முதலாளி கிட்டே வந்தார்.

"வராதீங்க! சிகரெட்டை அங்கயே மிதிங்க மொதலாளி!"

அவன் போட்ட சத்தத்தில் சிகரெட் தானாகக் கீழே விழுந்தது, அவர் அவசரமாக மிதித்து அணைத்தார். பொறி, தீப்பொறி எழுப்பாத பித்தளைச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி மூடியை நெகிழ்த்தினான். உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. கண்ணைக் கரிக்கும் எண்ணெய் நெடி. தொட்டிக்கு நடுவில் தடுப்பு. பின்னறையில்தான் பூச்செடிக்கான தண்ணீர். எண்ணெய் ஊற்றுவது நின்ற பிறகு முன்னறையை யாரும் தொட்டதே இல்லை.

முதலாளி ஓடிப்போய் வாசல் கேட்டைச் சாத்தினார். ஆலை லாரி வந்து, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, வெறுமனே திரும்பியது. பொறி சிலிண்டரைத் தூரத்துக்கு உருட்டிவிட்டான். செம்புக் குவியலைக் கிளறி நேற்று உருவிய கம்பியைத் தேடியெடுத்து, ஒரு முனையை வண்டியில் இறுக்கி, கவ்வியைத் தரையில் அடித்த இரும்பு முளையில் மாட்டினான்.

"சகலை, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன், சொல்லுங்க."

"உள்ள இருக்கிற ஆவி வெளிய போக, தண்ணி விட்டு ரொப்பப் போறேன். ரொம்புற வரைக்கும் வச்சிராதீங்க. ஏதாவது பேசிக்கிட்டே இருங்க."