பதினேழு டிகிரி

மனைவி இறந்த மறுநாளிலிருந்து, கட்டட வரைபடம் போடும் அந்த இளைஞன் எந்த அறையில் உட்கார்ந்தாலும் அந்த அறையின் வெப்பம் பதினேழு டிகிரிக்கு இறங்கியது. அவன் எழுந்து போனதும் பழைய நிலைக்கு வந்தது. அலுவலகத்தில் இதை முதலில் கவனித்த மேலாளர், ஏசியை அணைத்துவிட்டு அவன் மேசையைக் கூடத்தின் நடுவில் போடச் சொன்னார். அவன் நீண்ட விடுப்புக் கேட்டபோது பக்கத்து மேசைக்காரன், “மச்சி, இந்த வெயில்ல நீ போயிட்டா நாங்க செத்துருவோம்டா” என்று சிரித்தான். பிறகு தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து, இல்லாத ஒரு ஃபைலைத் தேட ஆரம்பித்தான்.

விடுப்பு அவளுடைய பல்லிக்காக. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகளும் தடித்த வாலும் கொண்ட வளர்ப்புப் பல்லி, கண்ணாடித் தொட்டியில் இருந்தது. அவள் வேலை விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் இடுக்கியில் ஒரு புழுவைப் பிடித்து அதன் முன் ஆட்டுவாள். அன்று யார் யாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் என்பதையெல்லாம் அதனிடம் சொல்வாள். அவள் போன பிறகு அது தின்பதைக் குறைத்தது. அவள் கைபட்டு வளர்ந்த உயிரில் அது ஒன்றுதான் மிச்சம். அதையும் விட்டுவிடக் கூடாது என்று அவன் தொட்டியை ஒட்டி நாற்காலி போட்டு, சாப்பாடு தூக்கம் எல்லாவற்றையும் அங்கேயே வைத்துக்கொண்டான். அது தின்பதை அடியோடு நிறுத்திவிட்டது. புழுவுக்குப் பதில் சில்வண்டு வாங்கி வந்தான். இன்னொரு சூட்டு விளக்கு மாட்டினான். விளக்குகள் எரிந்தன, சூடு வரவில்லை. கொழுப்பைச் சேர்த்து வைக்கும் வால் பென்சில் மாதிரி ஆனது.

கால்நடை மருத்துவர் பல்லியின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றைத் தடவினார், நடுவில் எழுந்து போய் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தார். நோய் எதுவும் இல்லை, குளிரில் இதற்கு இரை செரிக்காது, அதனால் வாயைத் திறக்காது, முப்பது டிகிரியாவது வேண்டும், இப்படியே போனால் தாங்காது என்றார். அவன் வீட்டுக்கு வந்து நாற்காலியைத் தொட்டிக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அன்று மாலை அடுத்த தெருவிலிருந்து மாமியார் வந்தார். சுவரில் சும்மா ஓடுவதற்கு வீடு கட்டிக் கொடுக்கிறாள் என்று மகளைக் காலமெல்லாம் கேலி செய்தவர். தொட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கைகளைக் கட்டிக்கொண்டார்.

“மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க.”

“நான் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டாதான், அத்தை…”

“போதும்யா. அதுக்குக் குளிருது.”

அவன் தெருவில் இறங்கி நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் மாமியார் நெற்றியில் வியர்வை தெரிந்தது. இருட்டுகிற சமயம் தொட்டி மூலையில் ஒளிந்திருந்த பல்லி வெளியே வந்தது. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு இடுக்கியை நீட்டினார். அது வால் நுனியை ஆட்டியது, பாய்ந்து கவ்வியது, நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டது. அவர் அதனிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடி சாத்தியிருந்ததால் அவனுக்குக் கேட்கவில்லை.

அவன் எதிர்வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டான். மாமியார் அவன் வீட்டுக்குக் குடிவந்தார். பல்லி அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தது. வால் விரல் தடிமனுக்குத் திரும்பியது. இரை போடும் நேரத்தில் அவன் தினமும் தெருவில் வந்து நின்றான், மழைக்காலத்தில் குடையோடு. கண்ணாடியில் அவன் பக்கம் மட்டும் பனி படியும். சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் பார்ப்பான். பக்கத்து வீட்டுக்காரி பேச வந்து உட்கார்ந்திருந்தாலும் மாமியார் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்திருப்பார்.

“இருங்க, ஜன்னலச் சாத்திட்டு வந்துடறேன். மாப்பிள்ளை வர்ற நேரம்.”