மேகம் சொன்ன கடைசி வரி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தூக்கம் கெட்டால் கேட்கவே வேண்டாம். பேக்கரியில் விடியுமுன் மாவு பிசையத் தொடங்கி, அடுப்பு வெக்கையில் வெந்து, மதியம் இரண்டு மணிக்கு வீடு திரும்புகிறவன் நான். அப்போது எனக்கு வேண்டியது தலையணை. கிடைத்ததோ கதைப் புத்தகம்.

எங்கள் மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. ஒரு வார்த்தை பேசவில்லை. பொடிசாக இருப்பதால் கடுகு என்றே கூப்பிடுவோம். காதில் குறையில்லை என்றார் டாக்டர். "தினமும் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. விடாம செய்யுங்க" என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லி அனுப்பினார். மதிய வாசிப்பு என் தலையில் விழுந்தது.

எட்டே பக்கம், கெட்டி அட்டை. வீட்டைத் தொலைத்த ஒரு மேகத்தின் கதை. வேறு எதை எடுத்தாலும் கடுகு தள்ளிவிடுவாள். ஜன்னல் திரை மெல்ல உப்பும், அடங்கும். பக்கத்து அறையில் மனைவியின் தையல் மிஷின் மழைபோலக் கேட்கும். கடுகு என் வயிற்றில் சாய்ந்ததும் கட்டில், அலமாரி, நாங்கள் இருவர் எல்லாம் சேர்ந்து மிதக்கத் தொடங்குவோம். மேகம் மலையைத் தாண்டுவதற்குள் எனக்குக் கண் சொக்கிவிடும். வாய் மட்டும் தன் போக்கில் போகும்.

"மேகம் நல்லா உப்பி வந்துச்சு... தட்டுல வெச்சு அடுப்புக்குள்ள தள்ளுனாங்க..."

"ஏங்க! மேகத்தைச் சுட்டுத் திங்கப் போறீங்களா?" மிஷினை நிறுத்திவிட்டு மனைவி சிரிப்பாள்.

கடுகு சிரிக்கமாட்டாள். என் வாயையே பார்ப்பாள். "வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? ஒரே ஒரு வார்த்தைடா கண்ணு" என்று கெஞ்சியிருக்கிறேன். ஒருநாள் எரிச்சலில் புத்தகத்தை வீசியும் இருக்கிறேன். அவள் போய் எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். இந்தக் குழந்தை என்னை ஒருநாளும் கூப்பிடாமலே இருந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

ஐந்து மாதம் ஓடிற்று. நேற்று எட்டாம் பக்கம். மேகம் கடலைப் பார்த்தது, மழையாகக் கொட்டியது, வீடு சேர்ந்தது. பாதிக் கண்ணோடு புத்தகத்தை மூடப் போனேன். கடுகு அட்டையைப் பிடித்துக்கொண்டாள். படத்தில் விரலை வைத்துத் தெளிவாகச் சொன்னாள்:

"அப்பாடா."

என் தூக்கம் பறந்தது. "அடியே! அப்பான்னு கூப்பிட்டா! ஓடி வா!"

மனைவி ஓடிவந்தாள். கடுகு மறுபடி சொன்னாள், இந்த முறை நீளமாக மூச்சு விட்டு, தோளைத் தளர்த்தி, "அப்...பாடா."

மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "உங்களைக் கூப்பிடலைங்க. தினமும் கதை முடிஞ்சதும் நீங்க விடுற பெருமூச்சு அது. அதையும் கதைன்னே நெனச்சிருக்கா."

எனக்கு முகம் சுட்டது. எப்போது முடியும் என்று காத்திருந்து நான் விட்ட அலுப்பு மூச்சை என் மகள் வீடு சேர்ந்த மேகம் சொல்வதாக நினைத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அவள் முதல் பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினாள். கண் எரிய எரிய வாசித்தேன், ஒரு வார்த்தை விடாமல். எட்டாம் பக்கம் முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அந்த வரியை அவள்தான் சொல்ல வேண்டும்.