தம்பி அனுப்பிய சீர்

பஸ் நிற்பதற்கு முன்பே தமிழ்செல்வி படியிலிருந்து குதித்துவிட்டாள். "சாவுகிராக்கி" என்று கண்டக்டர் திட்டியது காதில் விழுந்தது. சாவு வீட்டிலிருந்துதான்யா வருகிறேன், போ, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் வேகமாக நடந்தாள். மணி பத்து இருபது.

அம்மா ரேணுகாம்பாள் விடியற்காலையில் போய்விட்டாள். போனவள் ஒரு நல்ல நாளாகப் பார்த்துப் போயிருக்கக் கூடாதா? பௌர்ணமி. மத்தியானத்திலிருந்தே கிரிவலக் கூட்டம் வர ஆரம்பித்துவிடும். அடி அண்ணாமலையில் அவர்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போக அந்தப் பாதையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். கொள்ளி வைக்கப் போகிற பங்காளி கோதண்டராமன் கறாராகச் சொல்லிவிட்டார். "பன்னெண்டுக்குள்ள எடுத்துடணும் தமிழு. அதுக்கு மேல ரோட்டுல எறும்புகூட பூர முடியாது."

எடுத்துவிடலாம்தான். கோடி வரவில்லையே. கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுப்புடவை வரவேண்டும். அதைப் போர்த்திய பிறகுதான் பாடையில் ஏற்றுவார்கள். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது ஒரே தம்பி, பலராமன். பொழுது விடிந்ததும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டாள். மாமா கேட்டார், "சரி" என்றார், வைத்துவிட்டார். அந்தச் 'சரி'யை நம்பி யார் உட்கார்ந்திருப்பது? கோடி இல்லாமல் எடுத்தால் நாதியற்ற பிணம் என்று நாளைக்கே தெருவில் பேசுவார்கள். ஆயுசு முழுக்க ஒருத்தருக்கும் தலை குனியாத அம்மா அப்படிப் போகக் கூடாது. தமிழ்செல்விக்கு அழுகைகூட வரவில்லை, அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மாமா அந்த வீட்டு வாசலை மிதித்துப் பதினாலு வருஷம் ஆகிறது. தன் மகள் கஸ்தூரிக்கு அக்கா மகன் சுரேஷ்குமார்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவர் அவர். அண்ணனோ டவுனில் மிஷன் காம்பவுண்டுக்காரப் பெண், பால்வாடி டீச்சர் ரூத்தைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். மூன்றே வருஷம். அண்ணனை லாரி அடித்துப் போட்டது. அதற்கும் மாமா வரவில்லை.

ஆனால் சீர் வரும். அண்ணன் செத்த வருஷத்திலிருந்து ஒரு பொங்கல் தவறாமல் வரும். அண்ணிதான் டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், மாமா கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டதை இறக்கிக்கொண்டு வருவாள். கூடையில் பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, மேலே ஒரு அரக்கு நிறப் புடவை. அம்மாவின் முகத்தை அன்றைக்குப் பார்க்க வேண்டுமே! "வர்றதுக்கு ரோசம், அனுப்பறதுக்குப் பாசம். எங்க வூட்டு புத்தி" என்பாள். வலது பக்கம் விழுந்து படுக்கையான பிறகும் அந்தப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு, போகிற வருகிற பொம்பளைகளை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவாள்.

இப்போது அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் தமிழ்செல்வி வந்திருந்தாள். சீர் அனுப்பியவர் கோடி கொண்டுவர மாட்டாரா?

மாமா வாசல் நாற்காலியில் சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துணிக்கடைப் பை. அதைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது.

"மாமா, வாங்க. நேரமாவுது."

"அந்தப் பொண்ணு அங்கதான் இருக்குதா?"

"எந்தப் பொண்ணு?"

"அதான், வேதக்காரப் பொண்ணு. அது பொணத்துக்கிட்ட இருந்துதுன்னா நான் வர்ல. வெளிய அனுப்பிட்டு ஆளு உடு, வரேன். எம்பொண்ணு வாழ வேண்டிய வூடு அது."

கஸ்தூரி செங்கத்தில் இரண்டு பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருக்கிறாள். இந்த மனுஷனுக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை. 

"மூணு வருஷமா பீ மூத்திரம் அள்ளினது அது மாமா. நான் வேங்கிக்கால்ல கூப்பிடு தூரத்துல உக்காந்துகினு மாசம் ஒரு தபா ஆரஞ்சுப் பழம் வாங்கினு போயி பாத்துட்டு வந்தவ. அத்தப் போயி வெளிய போன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"அப்ப நீங்களே பாத்துக்கங்க."

"இவ்ளோ ரோசம் இருக்கறவரு எதுக்கு மாமா வருசா வருசம் சீர் அனுப்பினீங்க? அண்ணி கைலதானே அந்தக் கூடை வந்துச்சு?"

மாமா நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சீரு?"

"பொங்க சீரு. அரிசி, வெல்லம், பொடவ. பஸ்ல போட்டு உடுவீங்களே."

"இன்னா ஒளர்ற? அக்காவுக்கு ஒரு பிடி அரிசி நான் அனுப்பினதில்ல. அனுப்பலயேன்னு பொங்கலன்னிக்கு எனக்கு சோறு எறங்காது. ஆனா அனுப்பினதில்ல."

தமிழ்செல்வி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒவ்வொரு வருஷமும் அதே அரக்கு நிறம். அம்மாவுக்குப் பிடித்த நிறம். மாமாவுக்கு அது எங்கே தெரியப் போகிறது? இது கூட யோசிக்கத் தோன்றவில்லையே தனக்கு, என்று நினைத்தாள். பிறகு கொல்லைகள் ஞாபகம் வந்தன. மல்லாட்டைச் செடி பிடுங்கி முடித்த கொல்லைகளில், மண்ணுக்குள் தங்கிப்போன வேர்க்கடலையை யார் வேண்டுமானாலும் பொறுக்கிக்கொள்ளலாம். கார்த்திகையில் அண்ணி களைக்கொட்டும் பையுமாகக் கிளம்பிவிடுவாள். கிளார்க் பெண்டாட்டியான தமிழ்செல்விக்கு அதைப் பார்த்தால் மானம் போகும். "உங்களுக்கு இன்னா தலையெழுத்தா அண்ணி, அடுத்தவன் கொல்லையில மண்ணு கிளறணும்னு?" என்று ஒருமுறை சண்டையே போட்டாள். அண்ணி சிரித்துக்கொண்டே நகத்தில் இருந்த செம்மண்ணைக் கழுவினாள். பொறுக்கிய காயை விற்ற காசு எங்கே போயிற்று என்று தமிழ்செல்வி கேட்டதே இல்லை.

அண்ணன் போன பதினாறாம் நாள் அம்மா அண்ணியிடம், "வயசு கம்மி உனக்கு. உங்காத்தா வூட்டுக்குப் போயிடு" என்றாள். அண்ணி போகவில்லை. மாறாகத் தன் பெயர் வந்த கதையைச் சொன்னாள். புருஷனையும் பிள்ளைகளையும் வாரிக்கொடுத்த ஒரு மாமியார், இரண்டு மருமகள்களையும் தாய்வீட்டுக்குப் போகச் சொல்கிறாள். ஒருத்தி அழுதுவிட்டுப் போய்விடுகிறாள். மற்றவள், ரூத், மாட்டேன் என்று மாமியாரின் ஊருக்கே கூட நடந்து வருகிறாள். அறுக்கிறவர்களுக்குப் பின்னால் போய்ச் சிந்திய கதிரைப் பொறுக்கி மாமியாருக்குச் சோறு போடுகிறாள். அந்த மாமியார் துக்கம் தாங்காமல் தன் பெயரையே 'கசப்பு' என்று மாற்றிக்கொண்டாளாம்.

"சரியான பொம்பள" என்றாள் அம்மா. "ஆனா அவளுக்கு எம்மாட்டம் வாய் இருந்திருக்காது. இருந்தா அந்த ரூத்தும் ஓடிப்போயிருப்பா."

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். தாலி இறக்கிய பதினாறாம் நாளில் அப்படிச் சிரித்ததற்குத் தெருவே திட்டியது.

மாமாவிடம் தமிழ்செல்வி எல்லாவற்றையும் சொல்லவில்லை. "உங்க பேரைச் சொல்லி அண்ணிதான் வாங்கியாந்திருக்கு" என்று மட்டும் சொன்னாள். மாமா பையை எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து டி.வி.எஸ். ஐம்பதை வெளியே தள்ளினார்.

வழியெல்லாம் லாரிகள் உரசிக்கொண்டு போயின. இன்னும் வேகமாப் போங்க, இன்னும் வேகமா, என்று அவள் முதுகுக்குப் பின்னால் முனகிக்கொண்டே இருந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே வண்டியை நிறுத்தியபோதுதான் மாமா கேட்டார்.

"அக்கா நம்புச்சா?"

"நம்புச்சு மாமா. தெரு பூரா காட்டும்."

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். கேட் திறந்தும் துடைத்துக்கொண்டே இருந்தார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன.

வீட்டை அடைந்தபோது பதினொன்றே முக்கால். பாடை கட்டி முடித்து வாசலில் சாய்த்து வைத்திருந்தார்கள். பந்தலுக்கு வெளியே கோதண்டராமன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெருக்கோடியில் அதற்குள் கூட்டம் நடக்க ஆரம்பித்திருந்தது.

அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்த ரூத், மாமா உள்ளே நுழைவதைப் பார்த்ததும் எழுந்தாள். யாரும் சொல்லாமலே பின்கட்டுக்குப் போய்விட்டாள். போகிறபோது தமிழ்செல்வியின் கையை மட்டும் ஒரு தரம் அழுத்தினாள். கோடி வந்துவிட்டது, போதும் என்பதுபோல.

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு எல்லம்மாள் பாதியில் நிறுத்தினாள்.

"வந்துட்டியா பலராமா! நீதான்யா தம்பி. ரோசத்துல வராம இருந்தாலும் ஒரு பொங்க தவறினியா? ஒரு பொடவை கம்மியாச்சா? என்கூடவும் நாலு தடியனுங்க பொறந்து கீறானுங்களே, ஒரு வெத்தல பாக்கு வெச்சிருப்பானுங்களா?"

"ஆமாமா" என்றார்கள் மற்றவர்கள்.

மாமா பையைப் பிடித்தபடி நின்றார்.  தமிழ்செல்விக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லிவிடலாமா? சொன்னால் அண்ணிக்கு உரியது அண்ணிக்குப் போகும். ஆனால் அம்மா இத்தனை வருஷம் மடியில் வைத்துக் காட்டியதெல்லாம் ஊர் சிரிக்கிற சங்கதியாகிவிடும், அதுவும் பிணம் கிடக்கையில். சொல்லாவிட்டால் அண்ணி பின்கட்டில் நின்றுகொண்டே இருப்பாள். இரண்டில் எது துரோகம் என்றே அவளுக்கு விளங்கவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அந்த நேரம் அவள் தன்னை வெறுத்ததைப்போல வேறு யாரையும் வெறுத்ததில்லை.

"போத்துப்பா, நேரமாவுது" என்றார் கோதண்டராமன்.

மாமா புடவையை வெளியே எடுத்தார். பிரிக்கவில்லை.

"தமிழு, உங்க அண்ணியக் கூப்புடு."

யாருக்கும் புரியவில்லை. தமிழ்செல்வி ஓடினாள். ரூத் கிணற்றடியில் நின்றிருந்தாள். வரமாட்டேன் என்று தலையாட்டியவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தாம்மா. நீ போத்து" என்று மாமா புடவையை நீட்டினார்.

பெண்கள் பக்கம் சலசலத்தது. "தாலி அறுத்தவ கையால கோடியா?" என்று யாரோ சொன்னார்கள். "வேற சாமி கும்புடறவ" என்றது இன்னொரு குரல். மாமா திரும்பிப் பார்த்தார்.

"என் வூட்டுக் கோடி. யாரு போத்தணும்னு நான்தான் சொல்லணும்."

ரூத் மாமாவைப் பார்க்கவில்லை. தமிழ்செல்வியைத்தான் பார்த்தாள். தெரிந்துவிட்டதா என்று அந்தக் கண்கள் பயத்தோடு கேட்டன. தமிழ்செல்வி தலையை அசைத்தாள். ரூத்தின் முகம் சிவந்தது. திருட்டில் பிடிபட்டவள் மாதிரி நின்றாள். பிறகு புடவையை வாங்கிப் பிரித்து, கழுத்துவரை போர்த்தி, ஓரங்களை இரண்டு பக்கமும் நிதானமாகச் செருகினாள்.  அம்மாவுக்கு மார்கழிக் குளிர் ஆகாது.

தமிழ்செல்விக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வாய்விட்டு, அசிங்கமாக, எல்லோரும் பார்க்க அழுதாள்.

பாடை தூக்கும்போது முன்பக்கம் மாமா தோள் கொடுத்தார். மேளம் முன்னால் போயிற்று. தெருக்கோடிவரை பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு வந்தார்கள். அங்கே கிரிவலப் பாதை நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. செருப்பில்லாத கால்கள், தோளில் குழந்தைகள், அரோகரா சத்தம். போலீஸ்காரர் ஒருவர் கயிற்றைக் குறுக்கே பிடித்துக் கூட்டத்தை நிறுத்தினார். நடந்துகொண்டிருந்தவர்கள் பிணத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள்.

பெண்கள் நிற்கிற இடம் அதுதான். எல்லோரும் நின்றார்கள். ரூத் நிற்கவில்லை.

"ஏம்மா, பொம்பளைங்க வரக்கூடாது!" என்று எல்லம்மாள் கத்தினாள்.

மாமா திரும்பவில்லை. தோளில் பாரத்தோடு நடந்துகொண்டே, "வரட்டும் உடுங்க" என்றார்.

ரூத் குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்தாள். பாதையின் நடுவில் அவள் புடவைத் தலைப்பு யாருடைய கைத்தடியிலோ மாட்டிக்கொண்டது. நின்று, அதை விடுவித்துக்கொண்டு, பாடையை எட்டிப்பிடிக்க ஓடினாள். போலீஸ்காரர் கயிற்றை விட்டார். கூட்டம் மறுபடி நடக்கத் தொடங்கியது.